எந்த வீட்டில் இறங்குவது?

வெளியூர் போகிறவன் முதலில் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு ஜாகை என்பதை நம் பெரியவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். காசிக்குப் புறப்பட்டாலும் கும்பகோணத்துக்குப் புறப்பட்டாலும், "எங்கே இறங்குவதாக உத்தேசம்?" என்பதுதான் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி. என்ன பார்க்கப் போகிறாய் என்பதெல்லாம் பிறகுதான். இத்தாலிய தேசத்தின் கிராமாந்தரத்தில் எட்டு நாள் கழித்து வருவதற்காக நாங்கள் புறப்பட்டபோது அந்தப் பழைய கேள்வியின் அருமை எனக்குத் தெரியவில்லை. அனுபவப்பட்ட பிறகே தெரிந்தது.

நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரமும் பூகோளமும் கற்பிப்பவன். இருபது வருஷ காலமாக ஐரோப்பாவின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, பூட்ஸுக் காலைப் போல் கடலில் நீண்டு கிடக்கும் இத்தாலியைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டியிருக்கிறேனே அன்றி, அந்த மண்ணில் கால் வைப்பேன் என்று நினைத்ததில்லை. என் தங்கையின் மகன் போலோனியா நகரத்தில் ஒரு யந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். "மாமா, பாட்டிக்கு நடக்க முடிகிறபோதே ஒரு தடவை அழைத்து வாருங்கள்" என்று அவன் விடாமல் சொல்லி வந்தான். 2024-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில், சேர்த்து வைத்திருந்த சொற்பப் பணத்தை எடுத்துக்கொண்டு, நானும் என் மனைவியும் எழுபத்துமூன்று வயதான என் தாயாரும் புறப்படுவதென்று தீர்மானமாயிற்று. ரோமாபுரியிலும் வெனிஸிலும் மே மாதத்து ஜன நெரிசலில் தாயாரால் நிற்க இயலாது. ஆகவே, தொஸ்கானா மாகாணத்தின் நாட்டுப்புறத்தில் ஒரு வீட்டில் அமைதியாகத் தங்கிவிட்டு வருவோம் என்று முடிவு செய்தோம்.

நம் நாட்டிலிருந்து செல்பவர்களுக்கு இதில் ஒரு விசேஷச் சங்கடம் உண்டு. ஷெங்கன் விசாவுக்கு மனுச் செய்யும்போதே, எங்கெங்கே தங்கப் போகிறோம் என்பதற்குச் சான்று காட்டியாக வேண்டும். ஊருக்குப் போய்ச் சேர்ந்து, நாலு வீட்டை நேரில் பார்த்து, மனத்துக்குப் பிடித்ததில் மூட்டையை இறக்குவது என்ற வழக்கம் நமக்கு இல்லை. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, படத்தையும் வர்ணனையையும் நம்பித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இத்தாலியர் நாட்டுப்புற வீடுகளுக்கு இட்டிருக்கும் பெயர்களே முதலில் தலையைச் சுற்ற வைக்கின்றன. தெற்கே பூலியா மாகாணத்தில் கோட்டை போன்ற மதிற்சுவர் உள்ள பெரும் பண்ணை வீட்டுக்கு மஸ்ஸேரியா என்று பெயர். அதே மாகாணத்தில் அல்பெரொபெல்லோ என்ற ஊரில், சுண்ணாம்புச் சாந்தின்றிக் கல்லடுக்கிக் கூம்பு வடிவில் கூரை எழுப்பிய குடிசைகளை த்ருல்லி என்கிறார்கள். வடக்கே ஆல்ப்ஸ் மலைச்சாரலில் ஜெர்மன் பாஷை பேசும் குடியானவர்களின் வீடு மாஸோ. ஜனங்கள் விட்டுப்போன ஒரு பழைய கிராமத்தின் வீடுகளையே ஒரு தெருவுக்கு ஓர் அறையாகச் சீர்படுத்தி, கிராமம் முழுவதையும் ஒரே ஓட்டலாக நடத்தும் முறையும் இருக்கிறது. 1976-ஆம் வருஷம் பிரியூலி பிரதேசத்தைப் பூகம்பம் குலைத்துப் போட்ட பிறகு, வெறிச்சென்று கிடந்த ஊர்களை என்ன செய்வது என்ற யோசனையில் பிறந்தது அது. இவற்றுள் நாங்கள் பொறுக்கியெடுக்க வேண்டியிருந்தவை இரண்டே வகை. ஒன்று வெறும் விடுமுறை வீடு. மற்றது அக்ரிதூரிஸ்மோ என்னும் பண்ணை விருந்தகம்.

படத்தில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் கருங்கல் சுவர், இரண்டிலும் சைப்ரஸ் மரம், இரண்டிலும் மாலை வெயில். சட்டத்தில்தான் வித்தியாசம். பண்ணை விருந்தகத்துக்கென்று இத்தாலியில் 1985-ஆம் வருஷத்தில் முதன்முதலாகத் தேசம் முழுவதற்குமான ஒரு சட்டம் செய்தார்கள். 2006-இல் அதை மாற்றிப் புதிதாக எழுதினார்கள். அதன் சாரம் இது: உண்மையில் விவசாயம் செய்கிறவனுக்கே இவ்வாறு விருந்தினரை ஏற்கும் உரிமை உண்டு. விருந்தினரால் வரும் வேலை எவ்வளவு பெருகினாலும் விவசாயமே பிரதானமாக இருக்க வேண்டும். அவன் பரிமாறும் உணவு பெரும்பாலும் தன் நிலத்திலும் தன் வட்டாரத்திலும் விளைந்ததாயிருக்க வேண்டும். கிராமத்து வருமானத்துக்கு ஓர் ஊன்றுகோல் கொடுத்து, இருக்கிற குடியானவனாவது ஓடிப் போகாமல் பார்த்துக்கொள்வதே நோக்கம். இப்போது அந்த நாட்டில் இத்தகைய பண்ணைகள் 25,000-க்கு மேல் இருக்கின்றன. சௌகரியத்தைக் குறிப்பதற்கு ஓட்டல்களுக்கு நட்சத்திரம் போடுவதுபோல் இவற்றுக்குச் சூரியகாந்திப் பூ, ஒன்று முதல் ஐந்து வரை. விடுமுறை வீட்டுக்கு இந்த நிபந்தனை எதுவும் கிடையாது. அதன் சொந்தக்காரர் மிலான் நகரத்தில் வக்கீலாக இருக்கலாம்.

இதையெல்லாம் நான் பின்னால் கற்றுக்கொண்டேன். தேர்ந்தெடுக்கும்போது எனக்குத் தெரிந்தது படம் ஒன்றுதான்.

அந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கூடத்தில் கணினியை வைத்துக்கொண்டு வீடு வீடாகத் திருப்பிக் காட்டினேன். குன்றின் உச்சியில் தன்னந்தனியாக நின்ற ஒரு வீடு என்னை மயக்கிற்று. அதன் முற்றத்தில் நீச்சல் குளம். குளத்தின் விளிம்புக்கப்பால் நீலமாய் அடுக்கடுக்காக மலைகள். என் மனைவிக்கும் அதுவே பிடித்தது. தாயார் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், மங்கலான படங்களுடன், பார்ப்பதற்குச் சற்று மொட்டையாக ஒரு வீடு வந்தது. முற்றத்தில் ஒரு டிராக்டர். சுவரோரமாகக் கொடி கட்டி, விரிப்புகளும் ஒரு நீலச் சட்டையும் காயப் போட்டிருந்தார்கள். "இங்கே போகலாமே. துணி காய்கிறது, மனுஷர் இருக்கிறார்கள்" என்றார் தாயார்.

நான் சிரித்துவிட்டேன். ஆனாலும் தாயாருடைய சொல்லை முழுக்கத் தள்ளக்கூடாதென்று, முதல் மூன்று இரவு குன்றின் மேல் வீடு, பின்னர் ஐந்து இரவு டிராக்டர் நின்ற வீடு என்று ராஜி செய்தேன். முன்னதற்கு ஓர் இரவுக்கு 190 யூரோ. பின்னதற்குக் காலை ஆகாரத்துடன் 110.

முதல் வீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேரையும் ஊரையும் சொல்லப் போவதுமில்லை. அர்னோ நதிக்கு வடக்கே மலைச்சரிவில் இருந்தது என்பது போதும். மருமகன் எங்களைப் போலோனியாவிலிருந்து அழைத்து வந்து இறக்கிவிட்டு, மூன்றாம் நாள் விடுப்புடன் வருவதாகச் சொல்லி வேலைக்குத் திரும்பினான். சாவி கொடுக்க ஆளில்லை. வாயிற்கதவில் ஒரு சிறு இரும்புப் பெட்டி, அதைத் திறக்க நாலு எண்கள். அவை செல்பேசியில் வந்தன. படத்திலே கண்ட மலைகள் எல்லாம் இருந்தன, வாஸ்தவந்தான். நீச்சல் குளத்தை மட்டும் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ரொட்டிக் கடைக்கு ஒன்பது கிலோமீட்டர். பஸ் கிடையாது. அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது.

மே மாதமென்றால் நமக்கு அக்கினி நட்சத்திரம். அந்த மலையில் மழை பெய்தால் மார்கழியைவிடக் குளிர்கிறது. சூடேற்றும் குழாய்களை வசந்த காலத்தில் நிறுத்திவிடுவது அந்நாட்டு வழக்கம் என்பதும் எங்களுக்குத் தெரியாது. ஒரு மின்சாரக் கணப்பு அகப்பட்டது. அதைப் போட்டு, அடுப்பையும் போட்டு, வெந்நீருக்கான கெண்டியையும் மாட்டினோம். வீடு முழுவதும் இருண்டுவிட்டது. இத்தாலியில் சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் மின்சாரம் 3 கிலோவாட் அளவேயாம். அதற்கு மேல் இழுத்தால் தானே நின்றுவிடும். நின்றதை மறுபடி தூண்டுவதற்கான விசை வீட்டுக்குள் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதைக் கேட்பதற்கும் ஆளில்லை. நான் சொந்தக்காரருக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். இருட்டில் மாடிப்படி இறங்கிய தாயார் கடைசிப் படியைத் தவறவிட்டு விழுந்தார்.

எலும்பு முறியவில்லை. ஆனால் அதை நாங்கள் நிச்சயமாகத் தெரிந்துகொண்டது மறுநாள்தான். அன்றிரவு அவர் கணுக்கால் வீங்கிக்கொண்டே வந்தது. என் மனைவி தன் புடவையைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்துக் கட்டினாள். 112 என்ற எண்ணை அழைத்தால் உதவி வரும் என்று படித்திருந்தேன். ஆனால் அந்த வீடு எந்தப் பாதையில், எந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்பதை எந்த மொழியில் எப்படிச் சொல்வது? சாளரத்தின் வழியே பார்த்தேன். நாலு திக்கிலும் ஒரு விளக்கு தெரியவில்லை. "ஏகாந்தமான சூழ்நிலை" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். அது பொய்யில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் 190 யூரோ கொடுத்திருந்தேன்.

சொந்தக்காரரின் பதில் காலையில் வந்தது, மிக மரியாதையாக. மின்சார விசை வெளிவாயிலுக்கருகே ஒரு பெட்டிக்குள் இருக்கிறதாம். நான் குடையுடன் இருநூறு அடி நடந்து அதைத் தூண்டினேன். மருமகன் செய்தி கேட்டு ஒரு நாள் முன்னதாகவே ஓடி வந்து, பாட்டியைப் பட்டணத்துக்கு அழைத்துச் சென்று வைத்தியரிடம் காட்டினான். சுளுக்குத்தான் என்றார் அவர். தாயார் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அங்கிருந்து தெற்கே சியேனா நகரம் வழியாகப் பயணப்பட்டோம். சியேனாவின் நகர மாளிகையில் உள்ள சுவர்ச் சித்திரங்களைப் பற்றி நான் வகுப்பில் சொல்வதுண்டு. அம்ப்ரோஜோ லொரென்ஸெத்தி என்ற ஓவியர் 1338-39-இல் எழுதியவை அவை. நல்ல ஆட்சி நடந்தால் நகரம் எப்படியிருக்கும், நாடு எப்படியிருக்கும் என்று ஒரு சுவர் முழுவதும் காட்டியிருக்கிறார். தாயாரை ஒரு பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டு அதை நெடுநேரம் பார்த்தேன். உழுகிறார்கள், போரடிக்கிறார்கள், கழுதை மேல் மூட்டை ஏற்றிக்கொண்டு நகரவாயிலை நோக்கி வருகிறார்கள். வானத்தில் பாதுகாப்பு என்னும் தேவதை பறக்கிறாள். அவள் கையில் ஒரு தூக்குமரம், அதில் ஒருவன் தொங்குகிறான். விளைச்சல் எல்லாம் நகரத்தை நோக்கிப் போகிறதே, வயலுக்கு எது திரும்பி வருகிறது என்று கேட்கத் தோன்றிற்று. மறுநாள் அந்தக் கேள்விக்கு விடை ஒரு மாட்டுத் தொழுவத்தில் கிடைத்தது.

சியேனாவுக்குத் தெற்கே வால் தோர்ச்சா என்ற பள்ளத்தாக்கு. ஓர்ச்சா என்பது அதில் ஓடும் சிற்றாறு. களிமண் குன்றுகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கும் யானைகளைப் போல. மே மாதமாகையால் அவற்றின் மேல் பச்சைக் கோதுமை. கோதுமைக்கிடையே சிவப்பாகக் கசகசாப் பூவின் இனம் ஒன்று. தென்மேற்கே 1,738 மீட்டர் உயரத்தில், அடங்கிப் போன எரிமலையான அமியாத்தா நிற்கிறது. இந்தப் பிரதேசத்தை 2004-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. சியேனாவின் ஓவியர்கள் எழுதிய நல்லாட்சியின் வயல்வெளி இதுவே என்பதும் அதற்கு ஒரு காரணம்.

எங்கள் வீடு பியென்சா என்ற சிற்றூருக்குச் சில மைல் தொலைவில், வெள்ளைப் புழுதி பறக்கும் ஒரு சரளைப் பாதையின் முடிவில் இருந்தது. வாசலுக்கு முன்னால் நாய் குரைத்தது. ஆட்டுப் புழுக்கை வாசனை வந்தது. என் மனைவி மூக்கைச் சுளித்தாள். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தாயாரின் காலைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் முக்காலி ஒன்றும் துணியில் சுற்றிய பனிக்கட்டியும் கொண்டு வந்தார். எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கியது அதற்குப் பிறகுதான். அந்நாட்டில் தங்கும் ஒவ்வொருவர் பெயரையும் போலீஸாருக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரர் கடமை.

மேல்மாடிக்கு வெளிப்புறமாகக் கல்படிக்கட்டு இருந்தது. "படி வேண்டாம், அம்மாவுக்குக் கீழ் அறை" என்றார் வீட்டு அம்மாள். கீழ் அறை விசாலமாக, வளைவான செங்கல் கூரையுடன், வெள்ளையடித்துச் சுத்தமாயிருந்தது. ஒரு சுவரின் நீளத்துக்கும் இடுப்புயரத்தில் செங்கல் தொட்டி ஒன்று. அதில் பூச்சாடிகளை வைத்திருந்தார்கள். தொட்டிக்கு மேலே சுவரில் இரும்பு வளையங்கள். விளம்பரத்தில் இதற்குப் பழமை மிளிரும் அறை என்று எழுதியிருந்தது. தாயார் கட்டிலில் உட்காரவில்லை. தொட்டியின் விளிம்பைக் கையால் தடவினார். மாட்டு நாக்கு பட்டுப் பட்டுத் தேய்ந்து அது வழவழவென்று இருந்தது.

"இது மாடு கட்டின இடம், தம்பி" என்றார். "இதுக்கு மேலேதான் அவர்கள் படுத்திருப்பார்கள். மாட்டின் சூடு மேலே ஏறும்."

அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. தொஸ்கானா குடியானவர் வீடுகள் அந்தக் கணக்கில் கட்டப்பட்டவையே. கீழே தொழுவம், மேலே குடும்பம், நடுவில் பெரிய கணப்புள்ள சமையலறை. உழவு மாடுகள் கியானீனா என்ற வெள்ளை இனம்; உலகில் அவற்றைவிடப் பெரிய மாடு அதிகமில்லை. டிராக்டர் வந்த பிறகு அவற்றை எதற்காக வளர்க்கிறார்கள் என்று மருமகன் எனக்குச் சொன்னான். அதைத் தாயாருக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

வீடு குடியானவனுடையது அல்ல. நிலமும் அவனுடையது அல்ல. நூற்றாண்டுக் கணக்காக அங்கே நிலவிய முறைக்கு மெத்ஸாத்ரியா என்று பெயர். நம் பக்கத்தில் வாரம் என்று சொல்கிறோமே, அதுதான். நகரத்து நிலக்கிழார் நிலத்தையும் வீட்டையும் கொடுப்பார். குடும்பம் முழுவதும் உழைக்கும். விளைந்ததில் சரிபாதி அவருக்கு. அது தவிர, பண்டிகைக்குக் கோழி, இவ்வளவு முட்டை என்று கடமைகள் வேறு. கணக்குப் புத்தகம் காரியஸ்தர் வசம். கடன் அதில் ஏறிக்கொண்டேயிருக்கும். வீட்டுப் பிள்ளைக்கு மணம் முடிப்பதற்கும் நிலக்கிழாருடைய சம்மதம் வேண்டியிருந்த இடங்கள் உண்டு. பிடிக்காவிட்டால் ஒரு நோட்டீஸ். அடுத்த வருஷம் குடும்பம் வேறு வீடு தேட வேண்டியதுதான். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் குடியானவர்கள் கிளர்ந்தார்கள். 1948-இல் அவர்கள் பங்கு நூற்றுக்கு 53 ஆயிற்று. 1964-ஆம் வருஷத்துச் சட்டம், புதிதாக வார ஒப்பந்தம் செய்யவே கூடாதென்று தடுத்தது. ஆனால் அதற்குள் அவர்கள் காத்திருந்து சலித்துவிட்டார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் குடும்பம் குடும்பமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். இன்று உலகத்தார் தேடி வந்து பணம் கொடுத்துத் தங்கும் கல்வீடுகளில் அநேகம், அன்று அவர்கள் விட்டுப் போனவை.

அன்றிரவு தாயார் எனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவர் தகப்பனார் தஞ்சை ஜில்லாவில் வாரத்துக்குச் சாகுபடி செய்தவர் என்பது எனக்குத் தெரியும். அறுப்பு நாளில் களத்தில் காரியஸ்தர் மரக்கால் போட்டு அளக்கும்போது, பாட்டனார் கணக்கை வாய்விட்டுச் சொல்லக் கூடாதாம். மனத்துக்குள் எண்ணி வந்து வீட்டில் சுவரில் கரிக்கோடு போடுவாராம். சாகுபடியாளர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்பாக 1952-இல் தஞ்சை ஜில்லாவுக்கென்று சட்டம் வந்தபோது தாயாருக்கு ஒரு வயது. சட்டம் வந்த பிறகும் நெடுநாள் கோடு போடும் வழக்கத்தை அவர் விடவில்லையாம். "சுவர் முழுக்கக் கோடு. வெள்ளையடிக்க விடமாட்டார்" என்றார்.

மறுநாள் நான் வீட்டு அம்மாளிடம், இது அவர் முன்னோர் வீடா என்று கேட்டேன். மருமகன் மொழிபெயர்த்தான். அவர் சிரித்துத் தலையை ஆட்டினார். அவர்கள் இந்த ஊராரே அல்லவாம்! சார்தீனியாத் தீவிலிருந்து வந்தவர்கள். தொஸ்கானாக் குடியானவர்கள் காலி செய்த நிலம் அறுபதுகளில் மலிவாகக் கிடைத்தது. அந்தத் தீவின் இடையர்கள் ஆடுகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்து, மற்றவர் விட்டுப் போன வீடுகளில் குடியேறினார்கள். அப்போது அவருக்கு எட்டு வயது. அக்கம்பக்கத்தார் சந்தேகத்தோடு பார்த்தார்களாம். இன்று பியென்சாவின் பெருமையாகக் கடைதோறும் அடுக்கியிருக்கும் பெக்கொரீனோ என்ற ஆட்டுப் பாலாடைக்கட்டியில் பெரும்பங்கு அந்த வந்தேறிகளின் கைவண்ணம்.

"இங்கே முன்பு இருந்தவர்கள் யாரென்று தெரியுமா?" என்று கேட்டார் தாயார்.

ஒருவர் வந்தாராம், சில வருஷங்களுக்கு முன்பு. நல்ல உடை, பெரிய மோட்டார், கூடப் பேரப்பிள்ளைகள். தாம் பிறந்த வீடு இது என்றார். உள்ளே வரும்படி வீட்டு அம்மாள் எவ்வளவோ உபசரித்தும் மாடிக்கு ஏற மறுத்துவிட்டார். தொழுவத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றார். தாயார் படுத்திருந்த அதே அறைதான். உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் எதையோ தேடினார். வெள்ளையடித்திருந்தபடியால் ஒன்றும் காணவில்லை. சற்று நின்றுவிட்டு வந்து, ஒரு பாலாடைக்கட்டி வாங்கிக்கொண்டு, முழுப் பணமும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

தாயார் பதில் பேசவில்லை. வீட்டு அம்மாளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தார்.

அதன் பிறகு மொழிபெயர்க்க மருமகன் தேவைப்படவில்லை. காலை ஐந்து மணிக்குப் பால் கறக்கும் யந்திரம் முனகத் தொடங்கும். தாயார் கோலூன்றிப் பட்டிக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். பட்டியைச் சுற்றிப் பெரிய வெள்ளை நாய்கள். ஓநாய்கள் பெருகிவிட்டபடியால் அவையின்றி இப்போது ஆடு வளர்க்க முடியாதாம். எட்டு மணிக்குச் சூடாக ஆட்டுப் பால் கட்டி, தேன், ரொட்டி. அந்த மாகாணத்து ரொட்டியில் உப்பே போடுவதில்லை. முதல் நாள் மறந்துவிட்டார்களென்று நினைத்தோம். பீச்சி என்ற தடித்த மாவிழையை இருவரும் பலகையில் ஒவ்வொன்றாக உள்ளங்கையால் உருட்டினார்கள். பூண்டும் தக்காளியும் சேர்த்த குழம்பில் அதைப் போட்டுக் கொடுத்தார்கள். தாயார் உருட்டியவை ஒரே அளவாக இருந்தன என்பது என் மனைவியின் அபிப்பிராயம். இரவில் கோதுமைப் பயிரின் மேல் ஆயிரக்கணக்கான மின்மினிகள்.

சுற்றிப் பார்த்ததும் உண்டு. மொந்தெபுல்ச்சானோ என்ற மலை நகரத்துக்கு ஒரு நாள் போனோம். மதுரைக்கு 1606-இல் வந்து, காவியுடுத்துத் தமிழ் கற்று, தத்துவ போதகர் என்று பெயர் கொண்ட ராபர்ட் டி நொபிலியின் குடும்பம் அந்த ஊருடையது. பெரிய சதுக்கத்தில் நொபிலி என்ற பெயரைத் தாங்கிய மாளிகை ஒன்று இன்றும் இருக்கிறது. யுத்த காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பெரும் பண்ணையின் எஜமானியாக இருந்த ஐரிஸ் ஒரிகோ என்ற அம்மையார், அடைக்கலம் வந்த குழந்தைகளை 1944 ஜூனில் குண்டுவீச்சுக்கிடையே கால்நடையாக அழைத்துச் சென்று சேர்த்ததும் இதே ஊருக்குத்தான். இவற்றையெல்லாம் நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். தாயார் அந்த நேரத்தில், ஆட்டுக்காரி தனியாக இருப்பாளே, சீக்கிரம் திரும்பலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இத்தாலிக்குப் போக உத்தேசமுள்ள நேயர்கள் கேட்கக்கூடும், இப்படிப்பட்ட வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று. சூரியகாந்திப் பூக்களை எண்ணுவதால் பயனில்லை. அவை குளியலறையையும் நாற்காலியையும் அளப்பவை. வீட்டுக்காரர் அதே வளைவில் குடியிருக்கிறாரா என்பதையும், இந்த மாதத்தில் நிலத்தில் என்ன வேலை நடக்கிறது என்பதையும் கடிதத்தில் கேளுங்கள். விவசாயம் செய்கிறவர் இரண்டாவது கேள்விக்கு நீளமாகப் பதில் எழுதுவார். பெரியவர்கள் கூட வந்தால் எத்தனை படி என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். கடைக்கு எத்தனை கிலோமீட்டர், அதில் சரளைப் பாதை எவ்வளவு என்பதும் முக்கியம். மோட்டார் இல்லாமல் தனி வீட்டுக்குப் போகவே வேண்டாம். நடுக்கோடையில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு வாரம் முழுவதற்குமே பல வீடுகளில் இடம் கொடுப்பார்கள்; மே மாதத்தில் அவ்வளவு கண்டிப்பில்லை. பல ஊர்களில் தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று நகர சபை வரி ஒன்றைத் தங்குமிடத்திலேயே கொடுக்க வேண்டும். சிறு தொகைதான், கையில் சில்லறை இருக்கட்டும்.

புறப்படும் நாள் காலையில் தாயாருடைய சுங்கடிப் புடவை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எட்டு கஜப் புடவையை மடித்துப் போடாமல் நீளவாட்டில் விரித்திருந்தபடியால் சுவரின் பாதியை அது மறைத்தது. ஈரம் இன்னும் போகவில்லை, விமானத்துக்கோ நேரமாகிவிட்டது. எடுக்கப் போன என் மனைவியை வீட்டு அம்மாள் தடுத்து, தபாலில் அனுப்புவதாகக் கையால் ஜாடை காட்டினார். ஒரு மாதம் கழித்து மருமகன் அந்த விளம்பரப் பக்கத்தைத் திறந்து பார்த்தானாம். நீலச் சட்டை தொங்கிய பழைய படத்தை எடுத்துவிட்டார்கள். புதிய படத்தில் டிராக்டர் நிற்கிறது, நாய் படுத்திருக்கிறது, கொடியில் சுங்கடிப் புடவை. தபாலில் அது இன்னும் வந்து சேரவில்லை. வரவேண்டுமென்று தாயார் கேட்கவும் இல்லை.